பருப்பு வேகும் தண்ணீர்

ஜூன் 14, செவ்வாய்

காற்று. காலையிலிருந்து புழுதி. கொடியில் கிடந்த வேட்டியை மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று.

வடிகட்டித் தொட்டி மணலைக் கழுவும் நாள். கட்டியது இவர், கழுவுவது நான். மேல்மணலை ஒரு சாண் ஆழம் அள்ளிச் சாக்கில் கொட்டி, கலங்கல் போகும்வரை அலசி, திரும்பப் பரப்ப வேண்டும். கையெல்லாம் துருவாடை. சின்னவன் தொட்டிலில் கத்துகிறான், தூக்கப் போனால் முழங்கை வரை சேறு.

ஆனாலும் தொட்டி நல்ல வேலைதான். கிணற்றுத் தண்ணீர் முதலில் இந்த சிமெண்ட் உறைக்குள் விழுகிறது. மணல், கரி, ஜல்லி எல்லாம் தாண்டி அடியில் தெளிந்து வந்து, அங்கிருந்து மாடித் தொட்டிக்கு. பிறகு அடுப்படி, குளியலறை, கொல்லை, வாசலில் தெருவுக்காக விட்ட குழாய், எல்லாவற்றிலும் அதே தண்ணீர். முன்பெல்லாம் வெள்ளை வேட்டி மஞ்சளாகும். இப்போது டம்ளரின் அடியில் பொறித்த பெயர் தெரிகிறது. பைப் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் இவர் வீட்டுக்கே கூட்டி வந்து காட்டுகிறார். "மொத்த வீட்டுக்கும் ஒரே வடிகட்டி. எந்தக் குழாயத் திறந்தாலும் தீர்த்தம்." பக்கத்து ஊர், பாலவனத்தத்துக்காரர் ஒருவர் தனக்கும் ஒன்று கட்டித்தரச் சொல்லியிருக்கிறார்.

மாரி குடத்தோடு வந்தாள். எதிர்வரிசை வீடு, வயிற்றில் தலைச்சன் பிள்ளை, ஏழு மாதம். இடுப்பில் குடத்தை வைக்க இடம் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள். "ஒரு பக்கம் பிள்ள, ஒரு பக்கம் குடம். எடம் பத்தலக்கா."

"தெருமுக்குப் பம்பு கிட்டத்தானே. இவ்வளவு தூரம் தூக்கணுமா?"

"அந்த உப்புத் தண்ணியில பருப்பு போட்டா எங்க வீட்டுக்காரரு பல்லு போயிரும். ஒங்க தண்ணின்னா ரெண்டே கொதி."

வாங்க: சீரகம், சொட்டு நீலம், கரி ஒரு மூட்டை, சுமதி யூனிபார்முக்குப் பட்டன்.


ஜூன் 16, வியாழன்

காற்று நிற்கவில்லை. சுமதி பள்ளிக்கூடத்தில் பல் டாக்டர் முகாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசை.

சு.வுக்கு முன்பற்கள் இரண்டும் இப்போதுதான் விழுந்து முளைத்தவை. சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக. ஓரத்தில் பழுப்பு. ஒழுங்காக விளக்குவதில்லை என்று உப்பு வைத்துத் தேய்த்திருக்கிறேன். ஒருநாள் அடியும் கொடுத்தேன்.

டாக்டர் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். பல்லைப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

"வீட்டுல கெணத்துத் தண்ணியா?"

"ஆமா டாக்டர்."

"இனிக்குமா?"

எனக்குப் பெருமை. "கல்கண்டு மாதிரி இருக்கும். தெருவே எங்க வீட்டுலதான் பிடிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஃபுளோரைடு என்றார். தண்ணீரில் கரைந்திருப்பது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இந்தப் பக்கம் சில கிணறுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. பல் முளைத்த பிறகு பிடிக்கிற கறை இல்லையாம் இது. ஈறுக்குள்ளே பல் உருவாகும் வயதிலேயே படிந்துவிடுகிறது. கூடுதலாக இருந்து காலமெல்லாம் குடித்தால் எலும்பிலும் இறங்கும். சு.வின் பல்? "இது வெளக்குனாப் போகாதுங்க." பிறகு என் இடுப்பைப் பார்த்தார். "தம்பிக்குத் தாய்ப்பால் மட்டுமா? அப்படின்னா பயமில்ல. அதுல ரொம்ப வராது."

கஞ்சி ஆரம்பித்தது போன வாரம்.

"மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. ஒண்ணும் இல்லன்னாலும் இல்லன்னு தெரியட்டும்."

திரும்பி வரும்போது சு.: "நான் நல்லாத்தான்மா வெளக்குனேன்."


ஜூன் 17, வெள்ளி

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து.

"அதான் வடிகட்டி போட்டாச்சுல்ல?"

வடிகட்டி மிதக்கிறதைத்தான் பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது என்றேன். ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்து வேட்டித் துணியில் வடித்து நீட்டினேன். குடித்துப் பார்த்தார். கரித்தது.

"துணியும் தொட்டியும் ஒண்ணா? அதுல கரி கெடக்கு. ஒன் பி.எஸ்ஸி.யக் கொண்டுபோயி பரணுல போடு."

அத்தை உள்ளே இருந்து: "எங்க மாமனாரு வெட்டுன கெணறு. தாது பஞ்சம் மாதிரி வந்தப்பக்கூட வத்தல. இவ வந்து கொற கண்டுபிடிச்சிட்டா."

"கொற சொல்லல அத்தை. பிள்ளைக்காகக் கேக்கேன்."

"இவன் குடிக்கலையா? இவன் தங்கச்சி குடிக்கலையா? பல்லு கொஞ்சம் காவியாத்தான் இருக்கும். எங்க வீட்டுப் பல்லே அப்பிடித்தான். வம்சம்."

வம்சம்.

கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் இவர் பல் தெரியச் சிரிக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று அன்று நினைத்தேன். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார், நாத்தனாரும் அப்படித்தான். குடும்பப் பழக்கம் என்றுதான் இத்தனை வருஷமும்.

நேற்றிலிருந்து சு.வும் கையை வைத்துக்கொள்கிறாள்.


ஜூன் 19, ஞாயிறு

வெயில். காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கஞ்சியை நிறுத்திவிட்டேன். பால் போதவில்லை. சின்னவன் குடித்துக்கொண்டே அழுகிறான், அழுதுகொண்டே தூங்குகிறான். எனக்குத் தூக்கம் போய் எவ்வளவு காலமாயிற்று என்றே தெரியவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்பு.

அத்தை எனக்குத் தெரியாமல் கஞ்சி கொடுத்தார்கள். கிண்ணத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "பசிச்ச பிள்ளைக்கு ஊட்டுனது குத்தமா?" குற்றமில்லைதான். அதுதான் கஷ்டம்.

ராணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். என்னோடு படித்தவள், இப்போது மதுரையில் நாங்கள் படித்த கல்லூரியிலேயே கெமிஸ்ட்ரி லேபில் வேலை. "தண்ணிதான, கொண்டா. தொட்டிக்கு முன்னாடி ஒரு பாட்டில், பின்னாடி ஒண்ணு. அப்புறம் ஒங்க தெருவுல யாரும் குடிக்காத தண்ணி ஏதாவது இருந்தா அதுவும்." முக்குப் பம்பு என்றேன்.

இவரும் வருகிறாராம். "நானே நேருல பாத்துக்கிறேன்." கரி வேலை செய்கிறது என்று நிரூபிக்க.


ஜூன் 22, புதன்

மதுரை. பஸ்ஸில் நெரிசல். இவர் மடியில் மஞ்சள் பை, பைக்குள் மூன்று பாட்டில். யாரோ ஒருவர், "கோயில் தீர்த்தமாண்ணே?" இவர் பையை இன்னும் அணைத்துக்கொண்டார்.

லேபில் அதே வாசனை. அதே ஆசிட் பட்ட மேஜை. எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை. ராணி கொஞ்சமும் மாறவில்லை. இவரைப் பார்த்து, "அண்ணே, ஒங்க பொண்டாட்டி இங்க ஒடச்ச பிப்பெட்டுக்கு நீங்கதான் ஜவாப்" என்றாள். இவர் கையை வாயில் வைத்துச் சிரித்தார். அவள் கவனித்தாள்.

மூன்று குழாய். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே சிவப்பு மருந்து. ஃபுளோரைடு இருந்தால் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு காத்திருந்தோம். இவர் குனிந்து கண்ணைக் குழாய்க்கு நேராக வைத்துக்கொண்டார், கடையில் பைப்பின் நூலளவு பார்ப்பது போல.

கிணறு: மஞ்சள்.
தொட்டி தாண்டியது: மஞ்சள்.
முக்குப் பம்பு: சிவப்பு, லேசாக மங்கியது, அவ்வளவுதான்.

இவர் இரண்டாவது குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதலாவதன் பக்கத்தில் வைத்தார். மாற்றி வைத்தார். எது எது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று.

"கலங்கலு போகுதுல்ல?" என்றார், ராணியிடம்.

"போகுதுண்ணே. தொட்டி நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. இது கலங்கல் இல்லயே."

"காய்ச்சினா?" இது நான்.

"கூடும்டி. தண்ணிதான ஆவியா போகுது, இது அடியிலேயே நின்னுரும்."

நான் பிள்ளைக்குக் கஞ்சி வைத்தது பாதியாகச் சுண்டக் காய்ச்சிய தண்ணீரில். ராணியிடம் சொல்லவில்லை. அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். நல்ல தண்ணி என்று நாம் சொல்வது மென்னீர். சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும், இனிக்கும். சுண்ணாம்புச் சத்து இல்லாத தண்ணீர் அது. அந்த மாதிரித் தண்ணீரில்தான் ஃபுளோரைடு கரைந்து நிற்கும். பம்புத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடப்பதால்தான் பருப்பு வேக அடம்பிடிக்கிறது, இதையும் அதிகம் கரையவிடாமல் வைத்திருக்கிறது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைத்தால் கொஞ்சம் இறங்கும், ஆனால் வாளி வாளியாக, அளவு தப்பாமல். "பிள்ளைக்கு அந்த வம்பு வேணாம். லேசாக் கரிச்சாலும் பம்புத் தண்ணியவே குடு. மழை பெஞ்சா மாடியில பிடி."

திரும்பும்போது ஜன்னலோரம் இவர். பாலவனத்தம் வந்ததும் வெளியே கையைக் காட்டினார். "அந்தாள்ட்ட வேற சொல்லணும்."


ஜூன் 24, வெள்ளி

வாசல் குழாய். இனி அதற்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

காலையில் வரிசையாகக் குடங்கள். மாரியும் நிற்கிறாள். அவள் பிள்ளைக்குப் பல் உருவாகப்போவது இந்தத் தண்ணீரில்தான். சொல்ல வேண்டும் என்றேன். இவர் வேண்டாம் என்றார். கோபமாக இல்லை, சோர்வாக.

"நீ கெட்ட தண்ணின்னு சொல்லுவ. அவுக காதுல தர மனசில்லன்னுதான் விழும். இந்த ஊருல தண்ணி இல்லன்னு சொன்னவன வெரட்டிருவாக."

"இல்லன்னு சொல்லலியே. கெட்டதுன்னு..."

"ரெண்டும் ஒண்ணுதான் இங்க."

படித்தவள் என்பதற்கு இங்கே ஒரு பிரயோசனமும் இல்லை. தெரிந்துகொண்டது மட்டும் மிச்சம்.


ஜூன் 25, சனி

சொல்லிவிட்டேன். மாரியிடம் மட்டும், தனியாக, மெதுவாக. பல், எலும்பு, ஈறுக்குள் உருவாவது, எல்லாம். தலையைத் தலையை ஆட்டினாள். பாதி நிறைந்த குடத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க குடிக்கலியாக்கா?"

குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைக்கு மட்டும்தான் இவர் சைக்கிளில் ஒரு கேன் பம்புத் தண்ணீர் கொண்டுவருகிறார், விடிவதற்குள், யாரும் பார்க்காமல். தெருவில் பார்த்தால் கேவலமாம். குடிக்கிறோம் என்பதா, பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பதா என்று யோசித்தேன். அந்த ஒரு நொடி போதும்.

குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் வாசல் கோலத்தின் மேல் ஓடியது. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்க்கா. பல்லு கில்லுன்னு எதுக்கு?"


ஜூன் 27, திங்கள்

மேகம் போட்டுக் கலைந்தது. பெய்யவில்லை.

வாசலில் ஒரு குடமும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சு:

"பில்டரு போட்டதும் தண்ணி தங்கமாயிருச்சாக்கும்."

"மருமக படிச்சவ. கணக்குப் பாக்கா."

"மாரி பாவம், வயித்துப் பிள்ளக்காரி. அவகிட்டயே சொல்லியிருக்கா பாரேன்."

அத்தை வாசலில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த வாசல்ல குடம் வராம ஒரு நாளு இருந்ததில்ல." என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சு.வுக்குக் காய்ச்சல் போல. இல்லை, வெயில்தான். மணல் கழுவவில்லை.


ஜூன் 30, வியாழன்

இன்று கடைக்குப் போகிற நேரத்தில் இவர் சட்டை போடாமல் நின்றார். கொல்லையிலிருந்து இரண்டு பித்தளைக் குடத்தை எடுத்துவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எல்லாருக்கும் பம்புத் தண்ணிதான் இனிமே. நானும் அதத்தான் குடிப்பேன். வா."

"இப்பவா? எல்லாரும் பாப்பாகளே."

"பாக்கட்டும். கேட்டாளுல்ல அந்தப் பிள்ள, நீங்க குடிக்கலியான்னு."

பெரிய பைப் கடைக்காரர், துண்டோடு, தோளில் குடம், பட்டப்பகலில் தெரு முழுக்க நடந்து. பம்படியில் பேச்சு நின்றது. பிறகு சிரிப்பு. "ஏலே, கல்கண்டுக் கெணத்துக்காரவுக உப்புத் தண்ணிக்கு வந்துருக்காக. வழி விடுங்கலே!" இவரும் சிரித்தார். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்ததால் வாயை மறைக்க முடியவில்லை. பல்லெல்லாம் தெரிந்தது. சிலர் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் கிட்டே வந்து, தன் வாயைத் திறந்து காட்டினார். அதே கோடு. "நானும் சின்னதுல ஒங்க கெணத்துத் தண்ணிதான்ப்பா குடிச்சேன்."


ஜூலை 3, ஞாயிறு

காற்று திரும்ப.

மூன்று நாளாக இரு நேரமும் பம்பு. அடித்து அடித்துக் கை வீங்கியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க, செடிக்கு. அதற்கு வடிகட்டி நல்லதுதான். வேட்டி வெள்ளை. பாலவனத்தத்துக்காரரிடம் இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ராணிக்கு அனுப்ப வேண்டும்.

சின்னவன் கஞ்சியைத் துப்புகிறான். கரிக்கிறது அவனுக்கு. துப்பி, முகம் சுளித்து, மறுபடி வாயைத் திறக்கிறான்.

இன்று சாயங்காலம் வரிசையில் நின்றேன். என் குடத்துக்குப் பின்னால் ஒரு குடம் வந்து உட்கார்ந்த சத்தம். திரும்பவில்லை. மூச்சு வாங்கியதிலேயே தெரிந்தது, மாரி. என் முறை வந்ததும் அவள் குடத்தை முதலில் வைத்து அடித்தேன். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தூக்கிக்கொண்டு போகும்போது, "போனதும் பருப்ப ஊறப்போட்டிருங்கக்கா. அப்பத்தான் ராத்திரிக்குக் கொஞ்சமாச்சும் வேகும்."

ஊறப்போடவில்லை. மறந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் பருப்பு கல்லு கல்லாக. சு. முகத்தைச் சுளித்தாள். அத்தை ஒவ்வொன்றாக மென்று, சத்தம் கேட்க மென்று, தட்டில் ஒரு பருப்பு மிச்சம் வைக்காமல் எழுந்து போனார்கள்.