அம்மாவின் காதுக் கருவியைத் திரும்ப வாங்க வேண்டாம்

அனுப்புநர்
த. வெண்ணிலா (வயது 17),
த/பெ. தங்கவேல்,
புதூர்நாடு, ஜவ்வாது மலை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பத்தூர்.

பொருள்: சத்தம் தாங்க முடியாத என் தாயாரின் ஒலிப் பயிற்சிக் கருவியை 25ஆம் தேதி திரும்பக் கேட்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு சாமை முற்றிய நேரத்தில், பன்றி விரட்ட நாங்களே போட்ட வெடி என் அம்மா முத்தம்மாளின் பக்கத்தில் வெடித்துவிட்டது. காது போகவில்லை. ஆனால் அன்று முதல் தட்டு விழுந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தனியே விட முடியாமல் நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன்.

2. நல்லது என்று நினைத்து மாட்டின் மணியை அவிழ்த்தோம். காதில் பஞ்சு அடைத்தோம். அடைத்தது நான்தான். அதனால் இன்னும் மோசமானது. சத்தமே இல்லாமல் இருந்தால் காது மேலும் கூசும் என்று அரசு மருத்துவமனைக் காது பரிசோதகர் அன்பரசி அவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மே மாதம் அவர் இந்தக் கருவியை இரவலாகத் தந்தார். தூறல் போன்ற மெல்லிய சத்தம் பகலெல்லாம் காதில் கேட்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்ட வேண்டும்.

3. இப்போது அம்மா பாத்திரம் கழுவுகிறார். மாட்டுக்கு மணி கட்டிவிட்டோம். போன வாரம் அவரே, "ஏய் வெண்ணிலா, குட்டி கத்துது, கேக்கல? போய்ப் பாருடி" என்றார்.

4. கருவியை நிரந்தரமாகக் கேட்டு ஆகஸ்ட் மாத அரசு மருத்துவ முகாமுக்குப் போனோம். சோதித்த ஊழியர், "நல்லாத்தான கேக்குது, அப்புறம் இன்னாத்துக்கும்மா மெஷினு?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். 'கருவி தேவையில்லை' என்று எழுதிவிட்டார். அதனால் இரவல் கருவியையும் 25ஆம் தேதி திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள். ஐயா, அம்மாவுக்குக் கேட்காமல் இல்லை, கேட்கும்போது வலிக்கிறது. இதை அன்று சொல்லாமல் வந்தது என் தவறு. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இப்போது இந்த மனுவை எழுதுகிறேன்.

5. மனு கொடுக்க, தங்கள் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அம்மாவையே அழைத்து வரச் சொல்கிறார்கள். அங்கே மைக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள். வருகிற வழியில் வளைவுக்கு வளைவு பஸ் ஹாரன். எப்படி அழைத்து வருவது?

இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது, ஐயா. கருவி போனால் மறுபடி பஞ்சுதான். ஆகவே 25ஆம் தேதிக்குள் ஓர் அதிகாரியை எங்கள் வீட்டுக்கே அனுப்பி, அம்மாவைப் பார்த்து, கருவியை எங்களிடமே விட்டுவைக்க உத்தரவிட வேண்டுகிறேன். வருபவர் இந்த முறை மட்டும் ஹாரன் அடிக்காமல் வரட்டும். கருவி இருந்தால் அடுத்த ஆண்டு அடித்துக்கொண்டே வரலாம்.

இணைப்பு: அன்பரசி அவர்கள் எழுதித் தந்த சீட்டு.

இடம்: புதூர்நாடு
நாள்: 11.09.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
த. வெண்ணிலா