எடுக்கச் சொன்ன வரி

செவ்வாய், இரவு.

பாண்டி பஜார் அலுவலகத்தில் முதலீட்டாளர்களுக்காக நான் எழுதிய அறிக்கையில் ஒரு வரியை எடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி.

ஆபத்தைப் பிரித்துக்கொள்ள இரண்டு கம்பெனிகளின் கடன் பத்திரங்களையும் பாதிப்பாதி வாங்கலாம் என்பது அவர் யோசனை. ஒன்று வீடு கட்டுகிறது, மற்றது லாரி ஓட்டுகிறது. உலகம் முழுக்கச் செல்லும் இருபது எழுத்து அடையாளக் குறியீடு இரண்டுக்கும் உண்டு. அதை இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டுக்கும் மேலே ஒரே தாய் நிறுவனம். அது கவிழ்ந்தால் இரண்டும் கவிழும். அதைத்தான் எழுதியிருந்தேன்.

“பேரு வேற, ஆபீஸ் வேற. நீ ஏம்மா நோண்டிக்கினு கீற?” என்றார்.

வரியை எடுத்தேன். குறியீடுகளை மட்டும் அடியில் விட்டுவைத்தேன், தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும் என்று. மயிலாப்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்வரை அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. இப்போது கோழைத்தனமாகத் தெரிகிறது. எத்தனை பேர் தேடப்போகிறார்கள்?

நாளை காலை அந்த வரி முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் இருக்கும். எதையாவது எடுத்தே ஆகவேண்டும் என்றால், அறிக்கையில் இருக்கும் என் பெயரை எடுக்கட்டும்.