சம்பந்தி வீட்டுக் கடல்

சம்பந்தி,

இன்று காலை கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. துணி எடுத்துவரச் சோம்பல். விரலால் வழித்தேன். பழக்கதோஷம், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். உடனே உங்கள் குரல்தான் காதில் விழுந்தது. "சக்கரை போதுமா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டு, நான் முறைப்பதற்குள் நீங்களே சிரித்து முடித்துவிடுவீர்கள்.

உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். எதையும் வாசலிலேயே போட்டு உடைக்கிற ஆள் நீங்கள். நான் உப்பளத்துக்காரன், விளைந்த பிறகுதான் வாருவேன்.

நம் பிள்ளைகளின் கல்யாணத்தில், உங்கள் வீட்டார் கவனித்த பந்தியில், இலை முன் உட்கார்ந்துவிட்ட என் அண்ணனை எழுப்பி உங்கள் பக்கத்து ஆள் ஒருவரை உட்கார வைத்தார்கள். அது உங்களுக்கே தெரியாது என்று பிறகு பல பேர் சொன்னார்கள். நான் காதில் வாங்கினேனா? "இனிமே அந்த வீட்டுப் படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு மண்டபத்திலிருந்து கிளம்பியவன். சுனாமி வந்த அன்றுகூட உங்கள் தெருமுனை வரை மூச்சிரைக்க ஓடிவந்து, மகள் உயிரோடு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, படி ஏறாமல் திரும்பினேன். நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாங்க என்று சொல்ல உங்களுக்கும் வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்தார். அங்கே பெரிய பணக்காரர்கள் வீட்டில் பவளத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நம் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு உங்கள் கூடத்தில் நாலடித் தொட்டியை வைத்தார். என் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "கடலு தானா வந்தது போதாதுன்னு இந்தப் புள்ள தூக்கிட்டு வந்து வெச்சிருக்குதே."

மகள் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். முதலில் மணலும் ஓட்டைப் பாறைகளும். வாரக்கணக்கில் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். பிறகு நத்தைகள், பிறகு ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். கடைசியில்தான் சென்னைக் கடையிலிருந்து பவளங்கள். நீங்கள் ஆசையாக ஒரு பிளாஸ்டிக் கோபுரம் வாங்கிவந்து உள்ளே வைக்கப் பார்க்க, "அப்பா, கடல்ல இல்லாதது எதுவும் உள்ள போவக்கூடாது" என்று உங்கள் மகன் தடுத்துவிட்டார். அந்தக் கோபுரம் கடைசிவரை உங்கள் எலக்ட்ரிக் கடை கல்லாப்பெட்டி மேல்தான் இருந்தது.

விடுப்பு முடிந்து கிளம்பும்போது மாப்பிள்ளை என் உப்பளத்துக்கு வந்தார். "மாமா, எங்கப்பாவுக்கு கரண்டு தெரியும். உப்புத்தண்ணி உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாதான் அது பொழைக்கும்." கெட்டிக்காரப் பிள்ளை. மறுநாள் உங்கள் படி ஏறினேன். "பவளத்துக்காகத்தான் வந்தேன்" என்றேன். நீங்கள் கொஞ்சமும் அசராமல், "பவளத்துக்கு வந்தவங்களுக்கு காபி உண்டா, இல்ல உப்புத்தண்ணிதானா?" என்று கேட்டீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குடித்தேன், சம்பந்தி. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வருஷத்துச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. சூடு ஏறினால் பவளம் தாங்காது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நீங்கள் கடையிலிருந்து சின்ன மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து, தண்ணீர் மேல் காற்று படும்படி மாட்டினீர்கள். தண்ணீர் குளிர்ந்தது. கூடவே தினமும் இறங்கியது. "தண்ணி கொறைஞ்சா ஊத்துங்க" என்பது மாப்பிள்ளையின் உத்தரவு. எந்தத் தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. உப்பளத்தில் பாத்தி வற்ற வற்ற உப்புத்தண்ணீர் விடுவதுதானே சட்டம்? எக்கியார்குப்பம் கரையிலிருந்து கேனில் கடல்தண்ணீர் பிடித்து, மொபட்டில் கட்டி எடுத்துவந்து, நிறைய நிறைய ஊற்றினேன்.

நடுப்பாறையில் இருந்த அந்தக் குடைப் பவளம்தான் முதலில் சுருங்கியது. குடை விளிம்பு முழுக்கச் சின்ன விரல்களாக ஆடிக்கொண்டிருந்தது, விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு காய்ந்த தோல் மாதிரி ஆகிவிட்டது. அடுத்து, காளான் போலப் பாறையில் ஒட்டியிருந்தவை வதங்கின. மாப்பிள்ளை வாராவாரம் போன் செய்வார். முதல் கேள்வியே "விரிஞ்சிருக்குதா?" என்பதுதான். என் மகள் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "நல்லா விரிஞ்சிருக்குதுங்க" என்று சொன்னதை நான் பார்த்தேன்.

பேச்சு கிளம்பிவிட்டது. உப்பளத்துக்காரர் ஊற்றிய தண்ணீர்தான் கொன்றது என்று உங்கள் வீட்டில். கடைக்காரர் மாட்டிய காற்றாடிதான் கொன்றது என்று என் வீட்டில். அது செத்திருந்தால் நான் மறுபடி அந்தப் படி ஏறியிருக்க மாட்டேன். தெருமுனையில் நின்றுதான் மகளைப் பார்த்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஒரு மத்தியானம் கரண்டு போயிருந்த நேரம். காற்றாடியின் கம்பி வலையைத் துடைத்துக்கொண்டிருந்த நீங்கள், "இன்னா சம்பந்தி, சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்குது?" என்றீர்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு இல்லை, உப்பு. மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன உப்பு அளவியை உடைத்தது யார் என்ற வழக்கு அப்போதும் தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. அதனால் உப்பளத்துக்கு ஓடி, பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கிற டிகிரி மீட்டரை எடுத்துவந்து தொட்டியில் மிதக்கவிட்டேன். கடல்தண்ணீர் என்றால் மூன்றரை டிகிரிக்கு மேல் காட்டாது. அது நாலரையைத் தாண்டி நின்றது.

"காத்து உங்களுது, தண்ணி என்னுது. இன்னும் கொஞ்ச நாள் போனா உங்க கூடத்துல உப்பு வாரலாம்" என்றேன். ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது. இதை வைத்துத்தான் தலைமுறையாகச் சோறு தின்கிறேன். ஆனாலும் கண்ணாடிக்குள் இருந்ததால் அது பாத்தி என்று புத்திக்கு எட்டவில்லை. நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வருசமா நாமளும் இதத்தானே பண்ணிக்கினு இருந்தோம்? கொறையக் கொறைய உப்பையே ஊத்திக்கினு" என்றீர்கள்.

"தத்துவம் அப்புறம். குடிக்கிற தண்ணி கேன் எந்தக் கடையில இருக்குது, அதச் சொல்லுங்க" என்றேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னோம். ஒரேயடியாக உப்பை இறக்கினால் அதுவும் ஆபத்து என்றார். கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு, சாயங்காலம் டிகிரி பார்த்து, மெல்ல மெல்ல இறக்கினோம். குடைப் பவளத்தின் மேல் மெழுகு போல ஒரு படலம் மூடியது. உரித்துவிடலாமா என்று உங்கள் கை பரபரத்தது. தானாகக் கழற்றும், தொடாதீர்கள் என்று உத்தரவு. தினமும் காலையில் என் செல்லுக்குக் கூப்பிட்டு, "மூடித்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவீர்கள்.

ஒருநாள் போன் வரவில்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பாத்தியில் இறங்கவே மனசில்லாமல் வரப்பில் நின்றேன். அப்போது தூரத்தில் வெள்ளை வேட்டி ஒன்று வரப்பு மேல் தள்ளாடிக்கொண்டு வந்தது. உப்பளப் பக்கம் கால் வைக்காத மனுஷன், கடையைப் பூட்டாமல் ஓடிவந்திருந்தீர்கள். ஒரு கால் வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. செருப்பு உள்ளேயே போனது. அங்கிருந்தே கத்தினீர்கள்.

"விரிஞ்சுடுச்சு சம்பந்தி!"

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஓடிவந்து உங்களைச் சேற்றோடு கட்டிக்கொண்டேன். உப்பளமே சிரித்தது. சிரிக்கட்டுமே.

அடுத்த வருஷம் மாப்பிள்ளை வந்து, பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டி முன் நின்றார். பாறையெல்லாம் இளஞ்சிவப்பு பூசியிருந்தது. காளான்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து குடும்பம் பெருக்கியிருந்தன. குடை இரண்டு கை அகலத்துக்கு விரிந்து ஆடியது. "நான் வேல பாக்குற எந்த வீட்லயும் இப்படி இல்ல மாமா" என்றார். நாம் இருவரும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்கப்பட்டோம்.

அன்று மத்தியானம் நீங்களே போய் என் அண்ணனை அழைத்துவந்தீர்கள். முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்து, நீங்களே நின்று பரிமாறினீர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அண்ணன் மூன்றாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டு, "இப்ப யாரு எழுப்புனாலும் என்னால எழுந்திருக்க முடியாது" என்றார். நீங்கள் சிரித்தபடியே அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன்.

போன ஐப்பசியில் நீங்கள் எங்களை விட்டுப் போனபின் உங்கள் வீட்டைப் பூட்டினார்கள். மாப்பிள்ளை எல்லாரையும் தன்னோடு ஷார்ஜாவுக்கு அழைத்துப் போனார். தொட்டி என் கூடத்துக்கு வந்தது, உங்கள் காற்றாடியோடு. இடம் மாறிய நாளிலிருந்து குடை மூடிக்கொண்டது. படலம் படிந்தது. சம்பந்தியம்மா போனில், "அது அவரோடயே போயிடுச்சுங்க, விட்டுடுங்க" என்று அழுதார்கள். என் பெண்டாட்டியும் எடுத்துப் போட்டுவிடச் சொன்னாள். நான் டிகிரி பார்த்தேன். மூன்றரை சரியாக இருந்தது. பிறகு யார் சொன்னாலும் கேட்பேனா? தினமும் காலையில் இறங்கிய அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டேன். தொடாமல் காத்திருந்தேன்.

இந்தத் தடவை சேற்றில் ஓடிவர வேண்டிய முறை என்னுடையது. நீங்கள் எட்டாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அந்த உப்பை வழித்துவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன். படலம் கழன்று மணலில் கிடந்தது. ஒவ்வொரு விரலாக வெளியே வந்துகொண்டிருந்தது.

விரிஞ்சுடுச்சு, சம்பந்தி.