உன்னை உழைப்பாளி என்று அச்சடித்துவிட்டார்கள்

உன் முதலாம் ஆண்டு நினைவு அட்டை மேஜை மேல் கிடக்கிறது. வழவழப்பான அட்டை. நான்கு மூலையிலும் லில்லிப் பூ, நடுவில் நீ. பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்காக எடுத்த படமாக இருக்க வேண்டும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ உன்னிடம் வீட்டுப்பாடக் கணக்கைக் காட்டாமல் ஏமாற்றியது போல் முறைக்கிறாய். படத்துக்குக் கீழே, "ஓய்வறியா உழைப்பாளி. தனக்கென ஒரு நாளும் வாழாதவர்" என்று போட்டிருக்கிறார்கள்.

படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் காபியை அப்படியே வைத்துவிட்டேன். "செத்துப்போனவங்களைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை போட்டிருக்காங்க, அதுக்குப் போய் இப்படிக் குதிக்கிறியே" என்றார் என் வீட்டுக்காரர். நல்லதா? ஒருத்தி தனக்காக ஒரு நாள்கூட வாழவில்லை என்பது நல்லதா? உழுகிற மாட்டுக்குக்கூட வருஷத்தில் ஒரு பொங்கல் வைத்து, கொம்புக்குச் சாயம் பூசி, அன்றைக்கு வேலை வாங்காமல் விடுகிறார்கள். உனக்கு அதுவும் இல்லை என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் பச்சைப் பொய். நீ வாழ்ந்தாய். நான் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்று உன்னிடம் தோற்றுக்கொண்டே பார்த்தேன்.

மாடம்பாக்கம் ரோட்டில் நம் நகர் அப்போது நகர் என்று பெயருக்குத்தான். எண்பதுகளின் நடுவில் அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். நீ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் டெலிபோன் ஆபீசில் கிளார்க். தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் நசுங்கி வீட்டுக்கு வந்தால் கைப்பையை வைப்பதற்குள் அடுப்பு கூப்பிடும். அப்படி ஒரு நாள் வாசலில் நின்றாய். கையில் ஒரு ரப்பர் வளையம், பள்ளிக்கூடத்துப் பெண்கள் கயிற்றுக்கு மேலே வீசிப் பிடித்து ஆடுவார்களே, அந்த ரிங்.

"ஸ்கூல்ல பழசுன்னு தூக்கிப் போடப் போனாங்க, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். உனக்கு ஆடத் தெரியுமாடி?"

"எட்டாங்கிளாஸ்ல ஆடினது."

"அப்போ தெரியும். வா."

"சாதம் வைக்கணும்."

"சாதம் எங்க போகப் போகுது? வா!"

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்த மனை துபாய்க்காரர் ஒருவருடையது. வேப்ப மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே என் கொடிக்கயிற்றைக் கட்டினோம். கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. நீ உள்ளே போய் என் கோலப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து கோலமே போட்டறியாத நீ, அளந்து வைத்தது போல் கோடு இழுத்தாய். கணக்கு டீச்சர் இல்லையா. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் இரண்டு பொம்பளைகள் ஆட ஆரம்பித்தோம். அடுத்த வாரமே ரவிக்கை தைக்கும் செல்வி வந்து சேர்ந்தாள்.

விதிகளும் நாமே செய்தோம். ரிங் முந்தானையில் மாட்டினால் திரும்ப சர்வீஸ். குக்கர் விசில் கேட்டால் ஆட்டம் நிற்கும், ஆனால் பாயிண்ட் அழியாது. இதையெல்லாம் போட்டவளே நீதான். மீறுகிறவளும் நீதான். கோட்டில் விழுந்த ரிங்கை எடுக்கிற சாக்கில் காலால் கோலப்பொடியைத் தேய்த்துவிட்டு, "கோடு எங்கடி? அவுட்!" என்பாய். செல்வி விட மாட்டாள். "இன்னாக்கா, இப்பதான் கோடு கீது, நீ காலால அழிச்சிகினு அவுட்டுன்றியே! நீயெல்லாம் டீச்சரா?" நீ மூச்சு வாங்கச் சிரித்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிடுவாய். பள்ளிக்கூடத்தில் நீ நடந்து வந்தால் வராந்தாவே அடங்குமாம். அந்தப் பிள்ளைகள் உன்னை ஒரு நாள் அந்த மண்ணில் பார்த்திருக்க வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? நகர் நலச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. குடும்பப் பெண்கள் தெருவில் குதிக்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லை. இதைச் சொன்னவர்கள் யார்? சங்கத்துக் கொட்டகையில் காலை டிபன் முடித்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை சீட்டாடுகிற ஆம்பளைகள். அவர்கள் ஆடினால் அது ரிலாக்ஸ். நாம் ஆடினால் குதிப்பு. நீ நேரே கொட்டகைக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். "சார், வாசல்ல கோலம் போட்டா நல்லா இருக்குங்கறீங்க. நாங்க அதையே கொஞ்சம் பெருசா போட்டு, உள்ள நிக்கறோம். அவ்வளவுதான்" என்றாய். தலைவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. சங்கத்தையே ஜெயித்தவள் நீ. வீட்டுக்குள் எப்படித் தோற்றாய் என்பதுதான் எனக்கு இத்தனை வருஷமாக விளங்காமல் இருந்தது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். உன் மகள் ஜெபாவைப் பெண் பார்க்க மறைமலை நகரிலிருந்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என்று சொன்னவர்கள் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். காரை மனை ஓரமாக நிறுத்தி, "டீச்சர் வீடு எதும்மா?" என்று உன்னிடமே கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. நீ புடவையைச் சொருகி, ரிங்கை ஓங்கி நிற்கிறாய். "இந்த வீடுதாங்க. உள்ள உட்காருங்க, ஒரே ஒரு பாயிண்ட் இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்!" என்றாய். அந்தப் பாயிண்டை எடுக்கவும் செய்தாய். மாப்பிள்ளையின் அம்மா காரில் உட்கார்ந்தபடியே சிரித்ததை நான் பார்த்தேன். நல்ல சிரிப்புதான்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. பெண்ணின் அம்மா நடுத்தெருவில் ஆடியதால் நின்றுபோனது என்று உன் நாத்தனார் பல்லாவரத்திலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். உன் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நான் ரிங்கோடு வந்து கூப்பிட்டேன். "இல்லடி. என்னாலதான் கெட்டுது. விளையாட்டா இருந்தது போதும்" என்றாய். மாதக்கணக்கில் கூப்பிட்டேன். டியூஷன் என்றாய், சபைப் பெண்கள் கூட்டம் என்றாய், ஊறுகாய் என்றாய். ஜெபாவுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணமும் ஆனது. இனிமேலாவது வா என்றேன். வரவில்லை.

பிறகு உனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தினமும் விடிகாலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தாய். உன் வீட்டுக்காரரே ஷூ வாங்கித் தந்தார், சங்கத்துத் தலைவர் வணக்கம் சொன்னார். மருந்தாக நடக்கலாம். பேரப்பிள்ளை அழுதால் அதைச் சமாதானப்படுத்தப் பந்து உருட்டலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் ஆடுகிறேன் என்று ஒருத்தி சொன்னால் மட்டும் குடும்ப மானம் போய்விடுகிறது! என்ன நியாயம் இது? வியாதி வந்து சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் பொம்பளை கையை வீசி நடக்கலாமா?

நேற்று உன் வீட்டில் நினைவு ஜெபக் கூட்டம். ஜெபா பெருங்களத்தூரிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள். சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவளிடம் அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, அந்த மறைமலை நகர்க்காரங்க வேணாம்னு சொல்லவே இல்ல. அவங்களுக்கு அம்மாவை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நான்தான் அந்தப் பையன் வேணாம்னேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதான் போய்ச் சொல்லிட்டு வந்தார். ஆனா பொண்ணே வேணாம்னு சொல்லிட்டான்னு தெரிஞ்சா அத்தை என்னைச் சும்மா விடுவாங்களா? ஊரெல்லாம் சொல்வாங்க. அதான் அம்மா, என்னால கெட்டுதுன்னே இருக்கட்டும், ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்கன்னு சொன்னாங்க."

"விட்டுட்டாங்களே, அப்புறம் ஏன் வரலை?"

"நீங்க வந்து கூப்பிட்டப்பல்லாம் அப்பா, இப்போ போய் ஆடினா எங்க அக்கா என்ன நினைப்பான்னு கேட்பார், ஆன்ட்டி. என் கல்யாணத்துக்கு அப்புறமும் அதையேதான் கேட்டார்."

அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். உன் மேல் தப்பில்லை என்று தெரியும். நீ மகளுக்காக இரண்டு நாள் வாங்கிக்கொண்ட பழியை அவர் கீழே இறங்கவே விடாமல் உன் தலையிலேயே பிடித்து வைத்திருந்தார், ஆயுசு முடியும் வரை. அவருக்கு அது வசதி. நாம் ஆடுகிற நேரத்தில் வீட்டில் சூடாக டீ கிடைத்தது.

கூட்டத்தில் போதகர் பேசினார், உன் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசினார், எல்லோரும் உழைப்பு உழைப்பு என்றார்கள். உன் வீட்டுக்காரர் கையைக் காட்டி, "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க, அவளோட ஃப்ரெண்டாச்சே" என்றார். எழுந்தேன்.

"உழைச்சா, சரி. இங்க இருக்கற எல்லாப் பொம்பளைங்களும்தான் உழைக்கறாங்க. அவ ஆடினா. ரிங்கை எடுத்தா இந்த நகர்லயே அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. தனக்குன்னு வாழலைன்னு போட்டிருக்கீங்க. ஆறு வருஷம் தினமும் ஒரு மணி நேரம் வாழ்ந்தா. நாங்க சாட்சி. அதை அவ விடல, விட வெச்சாங்க."

பின்வரிசையிலிருந்து செல்வியின் குரல் வந்தது. "ஆடுனா, ஆனா கோட்டை அழிக்கும் அந்த அக்கா! எத்தினி தபா கையும் காலுமா புடிச்சிகீறேன்!" முதலில் உன் ஹெட்மிஸ்ட்ரஸ்தான் சிரித்தார். பிறகு போதகர். ஜெபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். உன் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து, "அதையெல்லாம் இங்க சொல்லணுமா?" என்றார். "அவ உயிரோட இருக்கறப்ப, போய் ஆடுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் ஏன் சார் இங்க சொல்லப் போறேன்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் உன் நாத்தனாரிடம் போய் ஊதிவிடுவேனா? கொல்லைப்புறத்தில், கதவைச் சாத்திக்கொண்டாவது ஆடியிருப்போம். இதைத் தியாகம் என்று யாராவது சொல்லட்டும், அப்போது இருக்கிறது. மகளைக் காப்பாற்றினாய், அது சரி. காப்பாற்றி முடித்த பிறகு உனக்கு உரியதைத் திரும்பக் கேட்டு வாங்காமல் போனாயே, அதை நான் மன்னிக்க மாட்டேன்.

நம் மனையில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நானும் செல்வியும் அதன் மொட்டை மாடியில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கயிறு கட்டி ஆடுகிறோம். எனக்கு முட்டி வலி, அவளுக்குக் கண் மங்கல். இருந்தாலும் ஆடுகிறோம். நேற்று கிளம்பும்போது ஜெபாவிடம், "சனிக்கிழமை வந்துடு" என்றேன்.

"வரணும்னுதான் ஆசை ஆன்ட்டி. பையனுக்குப் பரீட்சை இருக்கு."

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பையன், இப்போது யூ.கே.ஜி. கேட்டாயா? யூ.கே.ஜி. பரீட்சைக்கு உன் மகள் விழுந்து விழுந்து படிக்கப் போகிறாளாம். மாப்பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டார், நல்ல மனுஷர். யாரும் தடுக்காமலே அவள் தன்னைத் தானே தடுத்துக்கொள்கிறாள். அதை உன்னிடமிருந்துதான் கற்றிருக்கிறாள்.

உன்னைக் கூப்பிட்டபோது வாசலிலேயே நின்று கூப்பிட்டேன். இவளை அப்படி விடப் போவதில்லை. சனிக்கிழமை பெருங்களத்தூருக்குப் பஸ் ஏறுகிறேன். அந்தப் பரீட்சைக்காரனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். அவள் என்னைத் திட்டினாலும் சரி. நீ போனதிலிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான், அதை உன் மகளுக்குத்தான் செலவழிக்கப் போகிறேன்.