தம்பியின் கொப்புளங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அப்பா நேர்ந்துகொண்டு போகாமலே கண்மூடிய யாத்திரையை இப்போது தம்பி நடக்கிறான், சந்தோஷம். தினமும் கொப்புளம் வந்த காலைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். பெரியப்பா உடனே "பிள்ளைன்னா இவன்தான்" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது அம்மா. காரியத்துக்கு வரவே எனக்கு லீவு கிடைக்கவில்லை. அழுது தீர்க்க அவனுக்குப் பன்னிரண்டு நாள் சாலை கிடைத்திருக்கிறது.

நானும்தான் நடக்கிறேன். இந்தக் கிடங்கில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பொருள் எடுப்பதில் நாளுக்கு இருபது கிலோமீட்டர் ஆகிறது. அதையே யாத்திரையாக வைத்துக்கொள்ளலாம் என்று செவ்வாய்க்கிழமை ஷூவைக் கழற்றிவிட்டு நடந்தேன். கீழே கிடந்த ஆணி கிழித்துவிட்டது, சின்னக் கீறல்தான். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"ஷூ எங்கய்யா?"

"எங்கப்பாவுக்காக நடக்குறேன் சார்."

"அதுக்கு இதுவாய்யா இடம்?" என்றவர், மருந்து போட்டுப் புது ஷூவும் கொடுத்தார். பஞ்சு மாதிரி இருக்கிறது. எவ்வளவு நடந்தாலும் ஒரு கொப்புளம் வராது.

அப்பாவின் செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், தம்பிக்கும்தான். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

அவன் திரும்பி வந்ததும் காலுக்கு வெந்நீர் ஊற்றுவீர்கள். முதல் சொம்பை மட்டும் என்னை நினைத்து வெறும் தரையில் ஊற்றுங்கள்.

உங்கள் மூத்தவன்