உன் அப்பாவின் ஆராய்ச்சி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, அதற்கு உன் அப்பாவின் ஆராய்ச்சி முடிய வேண்டுமே. ஆய்வகத்தில் படாத பாடு படுகிறேன் என்று போனில் புலம்பினாயே, பேசாமல் வந்து இவரிடம் தொழில் கற்றுக்கொள். நீ அனுப்பிய பிரஷர் கருவியைக் காலையில் கையில் கட்டுவார். அதிகமாகக் காட்டினால் கருவியில் கோளாறாம். மறுபடி கட்டுவார், மூச்சை இழுத்து விட்டு இன்னொரு தடவை கட்டுவார், பிடித்த எண் வந்ததும் நிறுத்திவிடுவார், அதுதான் உண்மையாம். திரும்பத் திரும்பச் சோதிப்பதுதானே விஞ்ஞானம் என்று எனக்குப் பாடம் வேறு. வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர், சண்டைக்கு வந்தவர்களிடமெல்லாம் மீட்டர் பொய் சொல்லாது என்று சாதித்தவர், இந்த மீட்டர் மட்டும் பொய் சொல்கிறது என்கிறார்.

டாக்டர் மாத்திரையை மாற்றினாரா, முன்னே கொடுத்தது தப்பென்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டாராம். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரலாம் என்றாரா, 'வரலாம்' என்றால் அவருக்கே தெரியாது என்று அர்த்தமாம். கடைசியில் மாத்திரையையே நிறுத்திவிட்டார். கேட்டால், "ஒரு வாரமா போடல, எனக்கு என்ன ஆச்சு? இதவிட என்ன நிரூபணம் வேணும்?" என்கிறார். மாடி வீட்டுத் தையல்காரர் மாத்திரையே தொட்டதில்லையாம், அது இன்னொரு நிரூபணம். உன் அப்பா குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று கோபத்தில் அந்தக் கருவியின் பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டேன். அவருக்குக் காட்டியதைவிட அதிகம் காட்டியது. உன் அப்பா கோளாறு என்று சொல்லவில்லை, மறுபடி கட்டவும் இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினார், கருவி சரியாகத்தான் காட்டும் என்று அவரிடம் வாதாடவும் செய்தார். டாக்டர் தன் கருவியிலும் பார்த்துவிட்டு எனக்கு மாத்திரை எழுதினார், பிறகு, "அப்ப உங்களுக்குக் காட்டினதும் சரிதானே சார்?" என்று கேட்டார். உன் அப்பா என் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இன்று காலை எனக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார். நானும் ஒரு வாரம் போடாமல் பார்க்கிறேனே, என்ன ஆகிறதென்று தெரிந்துவிடும் என்றேன். அவர் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. உள்ளே போய்த் தன் மாத்திரையை எடுத்து வந்து, என் எதிரிலேயே முதலில் விழுங்கினார். நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வகத்தில் உனக்குப் பிடிக்காத விடை வந்தாலும் அழிக்காதே. நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்றுதான் கொஞ்சம் தூங்கப்போகும் உன் அம்மா