என் மூக்கு அழியவில்லை

ஆகஸ்ட் 5, செவ்வாய்
இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடிவிடுங்கள். பள்ளியில் யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏழு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. இந்தப் பண்டுங் நகரத்துக்கு வந்த பிறகு இல்லை. இங்கே யாருக்கும் தெரியாது. அப்போது எடுத்த என் மூளைப் படம் என் அப்பா, அதாவது அபாவின் ஆய்வகத்தில், இன்னும் நாற்பது பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறது. திங்கட்கிழமை எல்லாவற்றையும் இணையத்தில் போடுகிறார். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாமாம்.

"பேரு இருக்காது, நெங். முகத்தையும் ஒரு சாஃப்ட்வேர் அழிச்சிடும். மூளை மட்டும்தான் ஊர் சுத்தும்" என்றார், வாய் நிறைய பொரித்த மீன் படாகோரோடு. நெங் என்றுதான் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவார்.

ஆகஸ்ட் 7, வியாழன்
அபா குளிக்கப் போனபோது, முகம் அழிந்துவிட்டதா என்று பார்க்க அவர் மடிக்கணினியைத் திறந்தேன். தப்புதான்.

முதல் இரண்டு படங்கள் யாரோ. மூன்றாவது நான். படத்தைச் சுழற்றினால் மூக்கு, உதடு, கன்னம் எல்லாம் இருக்கிறது. நெற்றியை மட்டும் சீவியிருக்கிறது அந்த மென்பொருள்.

வெளியாள் யாரும் இந்தப் படங்களைத் திறக்கக் கூடாது என்பது ஆய்வக விதி. சொன்னால் அபாவுக்குக் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் — ஐயோ, திங்கள்.

ஆகஸ்ட் 8
அந்த மென்பொருளைச் செய்தவர்கள் குறை சொல்வதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பொய்ப் பெயரில், அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினேன்: பிள்ளைகளின் தலை சின்னது, முகம் அழியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
அபாவின் உதவியாளர் காங் தாதாங் மதியம் ஓடி வந்தார்.

"பாக், சாஃப்ட்வேர்காரங்க எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பியிருக்காங்க. பெரியவங்க தலையை வச்சுத்தான் செஞ்சாங்களாம். நம்மகிட்ட பத்தொன்பது படத்துல முகம் அப்படியே இருக்கு. நாளைக்குப் போட்டிருந்தா நாறியிருப்போம்."

"கண்டுபிடிச்சது யாரு?"

"எவனோ. தூக்கம் கெட்ட தாடிக்காரனா இருப்பான்."

"அவன் நல்லா இருக்கட்டும்" என்றார் அபா. எனக்குப் புரையேறிவிட்டது.

ஆகஸ்ட் 13
சொல்லிவிட்டேன். மோட்டார் சைக்கிளில், அவர் முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபம். "அபா, அந்தத் தாடிக்காரன் நான்தான்."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பினார்.

"திறந்தது தப்பு. பூட்டாம வச்சது என் தப்பு. ஆய்வகத்துல ரெண்டையும் நான் சொல்லியாகணும்." பிறகு மெதுவாக, "ஏழு வயசுல உனக்காக நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். இப்ப பதினாலு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே, நெங்."

தன் ஹெல்மெட்டால் என் ஹெல்மெட்டை முட்டினார். வலித்தது. சிரித்தேன்.

ஆகஸ்ட் 20
பத்தொன்பது முகங்களையும் கையாலேயே அழித்து முடித்துவிட்டார்கள். நாளை போடுகிறார்கள், நாற்பது மட்டும். என்னுடையதை அபா தனியே வைத்திருக்கிறார். "நீ சரின்னு சொல்ற வரைக்கும் அது எங்கேயும் போகாது. சொல்லவே வேண்டாம்னாலும் சரி."

வலிப்பு வந்த பிள்ளைகளின் படங்கள்தான் உலகத்திலேயே குறைவாம். காங் தாதாங் சொன்னார். என் படத்தை நானே சுழற்றிப் பார்த்தேன், இந்த முறை அபாவின் பக்கத்தில் உட்கார்ந்து. மூக்கு இல்லை. நல்ல மூளைதான்.

போகட்டும். நாற்பத்தொன்றாகவே போகட்டும். காலையில் எழுந்ததும் அபாவிடம் —

அவரேதான் கதவைத் தட்டுகிறார். இப்போதே சொல்லிவிடுகிறேன்.